நுங்கம்பாக்கம் கண்ட சிறுகோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையேயுள்ள பெருவெளியில் சூரியனைப் பிரதக்ஷிணம் செய்துவரும் எண்ணற்ற சிறுகோள்களுள், 67 என்ற வரிசை எண்ணைப் பெற்ற ‘ஆசியா’வின்மீது எனக்குத் தனியானதொரு பற்று உண்டு; ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் அதுவே என்பதோடு, கண்டுபிடித்த இடமும் சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையமே.

1861-இல் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்ற நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேயர், அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி அதைக் கண்டார். தொலைநோக்கி வழியே பார்த்தாலும் சிறுகோள் ஒரு நக்ஷத்திரத்தைப் போல வெறும் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். புகைப்படத்தின் துணைகொண்டு சிறுகோள்களைத் தேடும் முறை வராத அக்காலத்தில், ஆகாயத்தின் ஒரு பகுதியிலுள்ள மங்கிய நக்ஷத்திரங்களையெல்லாம் படத்தில் குறித்துவைத்து, அடுத்தடுத்த இரவுகளில் அவற்றுள் எது இடம் பெயர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அத்தகைய பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆசியாவின் பாதை நீள்வட்டமானது. சூரியனை நெருங்கும்போது சுமார் 30 கோடி கிலோமீட்டரிலும், விலகும்போது சுமார் 43 கோடி கிலோமீட்டரிலும் இருந்துகொண்டு, ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. வியாழன் ஒருமுறை சுற்றிவருவதற்குள் இது மூன்று முறைக்குச் சற்றே அதிகமாகச் சுற்றிவிடுகிறது. அந்தச் ‘சற்றே’ என்பதில்தான் இதன் க்ஷேமம் இருக்கிறது. சரியாக மூன்று முறை சுற்றுகிற கோளாக இருந்தால், வியாழனின் ஆகர்ஷணம் குறித்த இடங்களிலேயே திரும்பத் திரும்பப் பற்றியிழுத்து, அதன் பாதையை மேன்மேலும் நீட்டி, காலப்போக்கில் அப்பிரதேசத்தைவிட்டே விரட்டியிருக்கும். சிறுகோள் மண்டலத்தில் அந்தத் தூரத்தில் ஓர் இடைவெளி ஏறக்குறையச் சூனியமாகக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

இதன் குறுக்களவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் உள்ள தூரம் என்று கொள்ளலாம். சிலிகேட் பாறைகளாலான இது, தன்மீது படும் சூரிய ஒளியில் கால் பங்கை ஒத்த அளவைப் பிரதிபலிக்கிறது. கரிப்பொருள் மிகுந்த கருஞ்சிறுகோள்களோ பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. பிரகாசம் சீராகக் கூடிக் குறைவதைக் கணித்து, இது தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது என்று அறிந்திருக்கிறார்கள்.

வெறுங்கண்ணுக்கு ஒருபோதும் புலப்படாத அதன் மங்கிய ஒளியை இன்று அளக்கிறவர்கள் கையாளும் பிரகாச அளவுமுறையை, ஐந்து படிகள் ஏறினால் ஒளி நூறு மடங்கு மாறும் என்ற நியதியுடன் 1856-இல் வகுத்தவரும் அதே போக்சன்தான்.