போர்முனைக்குப் போகாத போர்ப்படங்கள்

1894-இல் கொரியாவை முன்னிட்டு ஜப்பானும் சீனாவும் மோதிக்கொண்டன. அந்நாளில் நாளிதழ்களில் புகைப்படம் அச்சிடுவது எளிதல்ல. அந்தக் குறையை மரக்கட்டை அச்சுப் படங்கள் தீர்த்தன. டோக்கியோவின் படக்கடைகளில் கூட்டம் அலைமோதியது. 1895 ஏப்ரலில் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 3,000 படங்கள் வெளிவந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. இவற்றுக்கு 'சென்சோ-எ' என்று பெயர்.

ஒரு படத்துக்குப் பின்னால் பல கைகள் உண்டு. முதல் போடுபவர் பதிப்பாளர். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைந்து தருவார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைக் குடைந்தெடுப்பார். மூல ஓவியம் அத்தோடு அழிந்துவிடும். பிறகு நிறத்துக்கொரு கட்டை. எல்லாக் கட்டைகளிலும் ஒரே இடத்தில் 'கெண்டோ' என்னும் வெட்டுக்குறி இருக்கும். தாளை அதில் பொருத்தினால் நிறம் பிசகாது. அச்சிடுபவர் கட்டையில் சாயம் பூசி, ஈரத்தாளை விரித்து, மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' வில்லையால் முதுகில் தேய்ப்பார். இப்படி அச்சான மூன்று தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு போர்க்களம் விரியும்.

இருளையும் பனியையும் தீட்டுவதில் ஓவியர் கோபயாஷி கியோச்சிகா கெட்டிக்காரர். கட்டையின் மேலேயே சாயத்தை ஈரத்தால் கரைத்து மங்கலாக்கும் 'பொகாஷி' உத்தி அவருடைய இரவுக் காட்சிகளுக்கு உயிர் கொடுத்தது. இந்தப் போரின் மஞ்சள் கடல் சண்டையைக் காட்டும் படத்தில், மூழ்கும் சீனக் கப்பலையும் மாலுமிகளையும் கடலுக்கு அடியிலிருந்தே காட்டிவிட்டார்!

ஆனால் பெரும்பாலான ஓவியர்கள் போர்முனைக்குப் போகவே இல்லை. செய்தித்தாளைப் படித்துவிட்டு வரைந்தார்கள். சோங்வான் சண்டையில் குண்டடிபட்டும் ஊதுகொம்பை உதட்டிலிருந்து எடுக்காமல் மடிந்த வீரன் ஷிராகாமி கென்ஜிரோ என்று படங்கள் கொண்டாடின. பின்னாளில் அவன் பெயர் கிகுச்சி கோஹெய் என்று திருத்தப்பட்டது. ஜப்பானியர் மிடுக்காக நிற்க, சீனர் சடைப்பின்னலோடு சிதறி ஓடுவதாக வரைந்ததும் பகைநாட்டை இழிவுபடுத்தும் பிரச்சாரமே.

1904-இல் ரஷ்யாவுடன் போர் வந்தபோது புகைப்படமும் அஞ்சலட்டையும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இந்த மரக்கட்டை அச்சுப் படங்கள் ஏராளமாக உள்ளன. பார்க்க வாய்த்தால் வேலைப்பாட்டை ரசியுங்கள். கூடவே ஓரத்தில் அச்சாகியிருக்கும் தேதியையும் பதிப்பாளர் பெயரையும் கவனியுங்கள். அவை சரக்கு விற்கச் சுடச்சுடத் தயாரான படங்கள். நேரில் கண்டவர் சாட்சியம் அல்ல.