மலைநாட்டு வீடுகளிற் பூஞ்சணம்

வைகாசியில் தென்மேற் பருவக்காற்று மலையை எட்டியதும் மஸ்கெலியாவில் வெயிலைக் காண்பது அரிதாகிவிடும். கொழுந்து பறித்துத் திரும்புவோரின் கம்பளியும் படங்கும் காம்பராவுக்குள்ளேயே கொடியில் உலர வேண்டியனவாகின்றன. சில நாட்களிற் சுவர் மூலையிலே கரும்புள்ளிகள் தோன்றும். பெட்டியில் வைத்த சேலையில் முடைநாற்றம் வீசும். தோற்செருப்பிற் பச்சை படரும். இதுவே பூஞ்சணம்.

பூஞ்சணம் பங்கசு என்னும் உயிர்வகையைச் சேர்ந்தது. அவ்வகையின் வலிமையை மலைநாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1869 இல் இலங்கையிற் காணப்பட்டுக் கோப்பிப் பயிரை ஒழித்த இலைத்துருவும், 1946 இல் தேயிலையிலே தோன்றிய கொப்புள நோயும் பங்கசுகளால் உண்டானவையே. அவை ஈர இலையைப் பற்றியவாறே இது ஈரச் சுவரைப் பற்றுகின்றது. இதன் நுண்வித்துக்கள் காற்றில் எங்கும் உள. அவற்றை வீட்டுக்குள் வராமற் தடுத்தல் இயலாது. ஈரத்தைத் தடுத்தல் இயலும்.

கூரை ஒழுகாத வீட்டிலும் சுவர் நனைவதேன் எனப் பலர் வினவுவர். அடுப்பிற் கொதிக்கும் நீரும், உலரும் துணியும், உறங்குவோரின் மூச்சும் நீராவியை விடுகின்றன. இரவிலே தகரக் கூரை குளிர்ந்ததும் அந்நீராவி அதன் அடியில் முத்து முத்தாகத் திரண்டு சுவர்வழி இறங்குகின்றது. ஆகவே பானையை மூடிச் சமைத்தலும், சமைக்கும்பொழுது சன்னலைத் திறத்தலும் நன்று. மழை சற்று ஓயும் வேளையிற் கதவையுஞ் சன்னலையும் ஒருங்கே திறந்தால் ஈரக்காற்று வெளியேறும். துணியை இயன்றவரை இஸ்தோப்பில் உலர்த்துக. பெட்டியையும் அலுமாரியையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தல் வேண்டும். மலையை வெட்டிக் கட்டிய லயங்களிலே பின்சுவரில் மண் சரிந்து அணைந்திருப்பதுண்டு. அம்மண்ணை அகற்றிக் கானைத் துப்புரவாக்காமல் உள்ளே எத்தனை முறை தேய்ப்பினும் பயனில்லை.

படர்ந்த பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தாற் தட்டுதல் கூடாது. வித்துக்கள் பறந்து மூச்சிற் கலக்கும். ஈரமான வீடுகளில் வாழ்வோர்க்கு இருமலும் ஆஸ்துமாவும் மிகுதியென உலகச் சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டியிற் கூறியுள்ளது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுக. பின்னர் ஒரு லீற்றர் நீருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரை மட்டும் பூசிச் சற்று நேரம் விட்டுத் துடைக்கலாம். அதனோடு வினாகிரியையோ வேறு கழுவுமருந்தையோ ஒருபோதும் கலவாதீர், நச்சுவாயு எழும். தேயிலைக்குத் தெளிக்கும் செம்பு மருந்து வீட்டுக்கு உரியதன்று. சுவர் முற்றும் உலர்ந்தபின் சுண்ணாம்பு அடிக்கலாம். ஈரத்தின்மேல் அடித்த பூச்சு உரிந்து, கறை மீண்டும் தோன்றும்.

பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் சோளத்தையும் கழுவியோ வறுத்தோ உண்ணலாமென எண்ணற்க. அவற்றில் உண்டாகக்கூடிய அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது. சமையற் சூட்டில் முற்றாக அழியாது.

இவ்வளவுஞ் செய்தும் சில வீடுகளிற் பூஞ்சணம் நீங்குவதில்லை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய இரட்டை லயங்களிலே பின்சன்னலே இல்லை. காற்று ஊடறுத்துச் செல்ல வழியில்லை. அங்கு வசிக்கும் பெண்ணை அசுத்தக்காரி எனல் முறையன்று, குறை கட்டடத்தினது. கூரை ஆணித் துளைகளையும் பீலியையும் சித்திரையிலேயே பார்த்து, பழுதைத் தோட்ட நிருவாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியொன்றை வைத்துக்கொள்க.