காருக்குள் ஈரம்: மழையா, ஏர்கோனா?

காரின் கால்மிதி நனைந்திருந்தால் கதவு ரப்பரைத்தான் முதலில் குறை சொல்கிறோம். பினாங்கு வெயிலில் ஏர்கோன் போடாமல் யார் ஓட்டுகிறார்கள்? முதல் சந்தேகம் அதன்மேல் இருக்கட்டும். ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதை அறிவியல் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். ஏர்கோனின் குளிர்ச் சுருளிலும் அதேதான் நடக்கிறது. அந்த நீர் சிறு குழாய் வழியாகச் சாலையில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளேயே, பெரும்பாலும் முன்பயணியின் காலடியில் வழியும். மழை பெய்யாத நாளிலும் ஈரமா? காருக்கு அடியில் சொட்டவே இல்லையா? அப்போ குழாயைச் சுத்தம் செய்தாலே போதும்.

மழை பெய்தால் மட்டும் நனைகிறதா? முன்கண்ணாடிக்குக் கீழே சருகு அடைத்திருக்கிறதா பாருங்க; தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு இது சகஜம். கதவு ரப்பரைச் சோதிக்க நம்மிடம் வெண்கட்டி இருக்கிறதே! ரப்பர் முழுவதும் தேய்த்து, கதவை மூடித் திறங்க. சட்டத்தில் வெண்கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் படியவில்லை. பிறகு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் கீழிருந்து மேலாக மெதுவாக நீர் ஊற்றட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது.

கம்பளம் மேலே காய்ந்தால் போதாது. அடியிலுள்ள பஞ்சு நீரைப் பிடித்து வைத்திருக்கும். மின்கம்பி இணைப்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. பழைய கார் வாங்கும்போதும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்க. 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அடியில் வண்டல் படிந்திருந்தால் அது கசிவல்ல, வெள்ளத்தில் நின்ற கார்.