நஞ்சும் அளவும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. வேதியியல் பயிலும் நான் இதன் பொருளை முதலில் உணர்ந்தது வகுப்பறையில் அன்று, எங்கள் பருத்திக்காட்டில்!

அவினாசியை அடுத்த சிற்றூர் எங்களுடையது. நான் பத்தாம் வகுப்புப் படிக்கையில் ஒரு நாள், பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்த என் தந்தையார் திண்ணையில் சாய்ந்தார். வாயில் எச்சில் வழிந்தது. கண்மணிகள் ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தன. மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அவர் தெளித்தது ஆர்கனோபாஸ்பரஸ் இனத்தைச் சேர்ந்த மருந்து. பூச்சியின் நரம்பு மண்டலத்தில் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்கும் அது, மனிதனையும் அவ்வாறே தாக்கும். அரசு அனுமதித்த மருந்து ஆளைச் சாய்ப்பது எப்படி? அன்று எழுந்த இந்த ஐயமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

1958ஆம் ஆண்டு கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின் விளைவாகவே 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் பிறந்தது. அதன்படி பதிவுக் குழு ஆராய்ந்து பதிவு செய்த மருந்தையே விற்கலாம். புட்டியின் மேலுள்ள வண்ண முக்கோணத்தை நாம் அனைவரும் கண்டிருப்போம். சிவப்பு மிகக் கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை குறையும். ஆய்வு விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் சிவப்பு.

ஆயினும் நஞ்சின் கடுமை வேறு, அதனால் நேரும் இடர் வேறு. பெட்டிக்குள் கிடந்தாலும் நாகம் நாகமே. ஆனால் கடிபடுபவன் பெட்டியைத் திறப்பவன் அல்லவா? எனவே விஞ்ஞானிகள் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். எவ்வளவு தீங்கு செய்யும்? எவ்வளவு நம் உடலுக்குள் போகும்?

முதற் கேள்விக்கு, விலங்குகளுக்குத் தீங்கு தராத அளவைக் கண்டு, அதைப் பொதுவாக 100ஆல் வகுப்பர். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமைக்காகப் பத்து. மனிதருக்கு மனிதர் உள்ள வேற்றுமைக்காக இன்னொரு பத்து. அதுவே நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு.

இரண்டாவது கேள்விக்கு விடை ஆய்வுக்கூடத்தில் இல்லை; காட்டில்தான் இருக்கிறது. கையுறையும் முகமூடியும் அணிக என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறது. என் தந்தையாரைக் கேட்டேன். “இந்த வெயில்ல அதையெல்லாம் மாட்டிக்கிட்டு ஆரு கண்ணு மருந்தடிப்பாங்க?” என்றார். கையுறை அணிந்தவனைக் கணக்கில் கொண்டு தரப்படும் அனுமதி, வெறுங்காலோடு நிற்பவனைக் காக்குமா?

2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து சமையல் எண்ணெயில் கலந்திருந்தது. காய்கறிகளுக்கு அதனைப் பயன்படுத்த 2005லேயே தடை வந்துவிட்டது. ஆனால் பருத்திக்கு விற்பனை தொடர்ந்தது. பயிருக்குத் தடை போட்டால் போதுமா? வீட்டுக்குள் இருக்கும் புட்டி எந்தப் பயிருக்கு என்று பார்த்தா கேடு செய்கிறது? 1958இல் மாவு; 2013இல் எண்ணெய். இரு முறையும் நஞ்சு, யாரும் எதிர்பாராத வழியிலேயே வந்தது. அம்மருந்தின் 36 விழுக்காடு கரைசலை மத்திய அரசு 2023இல்தான் தடை செய்தது.

இதனால் பூச்சிமருந்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காய்ப்புழு விழுந்த பருத்தியால் கடன்பட்ட வீடுகளையும் நான் அறிவேன். எலியைக் கொண்டு கணக்கிடும் விஞ்ஞானம், தெளிப்பானைத் தோளில் சுமப்பவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டிலுள்ள மருந்துப் புட்டியை எடுத்து, அதன் முக்கோணம் என்ன நிறம் என்று பாருங்கள்; பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் வீட்டுத் திண்ணையே.