பார்க்க வந்தவர் வாங்கிச் செல்ல: சங்கத்தின் இணையக் கடை அமைய வேண்டிய முறை

நமது சங்கங்கள் பலவற்றின் பொதுச் சபைக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு வினா எழுகிறது. "சங்கத்துக்கு இணையதளம் அமைத்தோம், பொது நிதியிலிருந்து பணமும் கொடுத்தோம், ஆயிரம் பேர் வந்து பார்த்தனர் என்று கணக்கும் காட்டுகிறார்கள். ஆயின் சரக்கு ஏன் கிடங்கிலேயே கிடக்கிறது?" என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர். இது நியாயமான கேள்வியே. கிடங்கில் சேலை தேங்கினால் அடுத்த பாவுக்கு நூல் வழங்குவது தாமதப்படும். மஞ்சள் தேங்கினால் விளைத்தவருக்குச் சேர வேண்டிய பணம் தள்ளிப்போகும். ஆகவே, இணையதளத்தைக் கணினி வல்லுநரின் பொறுப்பு என்று விட்டுவிடாமல், அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் தறியில் அமர்பவரும் நிலத்தை உழுபவரும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

கடையில் நிகழ்வது என்ன?

சங்கத்தின் விற்பனை நிலையத்துக்கு ஓர் அம்மையார் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சேலையை விரித்துப் பார்க்கிறார்; இரு விரல்களுக்கு இடையே துணியைத் தேய்த்துப் பார்க்கிறார்; பின்புறத்தைத் திருப்புகிறார்; வாசற்படிக்கு எடுத்துச் சென்று வெயிலில் நிறத்தைக் கவனிக்கிறார். "சாயம் போகுமா? ரவிக்கைத் துணி சேர்ந்ததா? கடைசி விலை என்ன?" என்று கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்த பிறகே பணப்பையைத் திறக்கிறார். இணையக் கடையில் தொட்டுப் பார்க்க வழியில்லை. வெயில் படும் வாசற்படி இல்லை. பதில் சொல்லும் விற்பனையாளரும் இல்லை. விடை கிடைக்காத ஒரு சந்தேகம் போதும், வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். வாங்குவோர் மனத்தில் எழும் வினாக்களை அறிந்து, அவை எழும் இடத்திலேயே விடை தருவதுதான் இணையக் கடை அமைப்பின் சாரம்.

இது நமக்குப் புதிய பாடமன்று. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து டோட் லேன் தெருவில் கூட்டுறவு முன்னோடிகள் 28 பேர் சேர்ந்து ஒரு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அவர்களுடைய முதற் சரக்கு. கலப்படமும் குறைந்த எடையும் மலிந்திருந்த அக்காலத்தில், கலப்பற்ற சரக்கு, சரியான எடை என்ற இரண்டையும் அவர்கள் விடாது கடைப்பிடித்தனர். சிறு கடை பெரிதாக வளர்ந்ததற்கு அந்த நாணயம் ஒரு முக்கியக் காரணம். இன்று அதே நாணயத்தை முகம் காணாத ஒருவருக்குக் கைபேசித் திரையில் புலப்படுத்த வேண்டியிருக்கிறது.

முதற் பக்கம்

பல சங்கத் தளங்களின் முதற் பக்கத்தில் நிர்வாகிகளின் உருவப்படங்களும், திறப்பு விழாக் காட்சிகளும், சங்க வரலாறும் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கு உரிய இடம் "எங்களைப் பற்றி" என்னும் உட்பக்கம். இங்கே என்ன விற்கப்படுகிறது, யார் செய்தது, எப்படி வாங்குவது என்ற மூன்றுக்கும் முதற் பக்கம் உடனே விடை கூற வேண்டும். உதாரணமாக, பவானியில் உள்ள ஒரு சங்கம், "பவானி ஜமக்காளம்: எங்கள் அங்கத்தினர் கைத்தறியில் நெய்தது, சங்கத்திலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு" என்று ஒரு வாக்கியமும், தெளிவான ஒரு படமும், "ஜமக்காளங்களைப் பார்க்க" என்று ஒரு பொத்தானும் வைத்தால் போதும். பத்துப் பொத்தான்கள் ஒரே அளவில் கண்ணைப் பறித்தால், வந்தவர் எதையும் அழுத்தமாட்டார்.

பக்கம் விரைவாகத் திறப்பதும் முக்கியம். கைபேசியில் ஒரு பக்கம் திறக்க 3 வினாடிக்கு மேல் ஆனால், வருகைகளில் பாதிக்கு மேல் கைவிடப்படுகின்றன என்று கூகுள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இத்தாமதத்துக்குப் பெரும்பாலும் படங்களே காரணம். கைபேசியில் எடுத்த படம் ஒன்றே 4, 5 மெகாபைட் இருக்கும். அதை அப்படியே ஏற்றாமல் ஏறத்தாழ 200 கிலோபைட் அளவுக்குச் சுருக்கி ஏற்றினால், திரையில் தெளிவு குறையாது. பக்கமும் விரைந்து திறக்கும்.

சரக்கின் பக்கம்

விற்பனை நிச்சயமாகும் இடம் இதுவே. "அழகிய, நேர்த்தியான, பாரம்பரியச் சேலை" என்று எழுதுவதால் பயன் சிறிது. அச்சொற்களை எந்தக் கடையும் எழுதலாம். "நீளம் 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி தனியே 80 சென்டிமீட்டர், பாவும் ஊடையும் 80ஆம் நம்பர் பருத்தி நூல், முதல் மூன்று முறை தனியே நனைக்கவும்" என்று எழுதினால், வாங்குபவர் கேட்க நினைத்தவை பலவற்றுக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஜரிகை இருந்தால் அது எவ்வகை என்பதை ஒளிக்காமல் கூற வேண்டும். மஞ்சளாயின் விரலியா கிழங்கா, எந்த ஆண்டு அறுவடை, நிகர எடை எவ்வளவு, உணவுப் பாதுகாப்பு உரிம எண் என்ன என்பவற்றைக் குறிப்பிட வேண்டும்.

படங்கள் கையின் வேலையைக் கண்ணுக்குச் செய்து தருபவை. ஒரு சேலைக்கு முழுத் தோற்றம், முந்தானை, கரை, துணியின் பின்புறம், உடுத்திய நிலை என ஐந்து படங்களாவது வேண்டும். பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில் எடுத்தால் நிறம் பெரும்பாலும் மாறாது. புட்டாவின் அளவு தெரிய அருகே ஓர் அளவுகோலை வைத்து எடுக்கலாம்.

குறையையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம். கைத்தறித் துணியில் ஆங்காங்கே இழை சற்றுத் தடித்திருப்பது இயல்பு. கிழிசலும் கறையும் குறைகள்; அவற்றுக்கு மாற்றுத் துணி தருவோம். இவ்வாறு தெளிவாக எழுதினால் திரும்பி வரும் சரக்கும் குறையும், மனத்தாங்கலும் குறையும்.

விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்போர் மலிந்திருப்பதால், சான்றின் மதிப்பு பெரிது. 2004இல் பட்டு முத்திரையும், 2006இல் கைத்தறி முத்திரையும் ஏற்பட்டன. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள் போன்றவை புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. சங்கம் உரிமை பெற்றுள்ள முத்திரையைச் சரக்கின் பக்கத்திலேயே, விலைக்கு அருகே காட்ட வேண்டும். உரிமை பெறாத முத்திரையை ஒருபோதும் காட்டலாகாது.

விலையும் ஆர்டரும்

கூடையில் சரக்கை இட்டவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வாங்காமலேயே போய்விடுகின்றனர் என்று டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிலையம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கூறுகிறது. சும்மா பார்க்க வந்தவர்களை நீக்கிப் பார்த்தால், அதற்குத் தலையாய காரணம் கடைசியில் வந்து சேரும் கூடுதல் செலவே. சேலை 1,850 ரூபாய் என்று காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் 90 ரூபாய் அனுப்புச் செலவைச் சேர்த்தால், தொகை சிறிதாயினும் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் எழும். "வீட்டில் சேரும் விலை 1,940 ரூபாய்" என்று முதலிலேயே சொல்லி, அதன் விவரத்தைக் கீழே தருவதே நேர்மை. மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, அதன் பிரிவுகளையும் தர வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளிலும் உள்ளது.

ஆர்டர் படிவத்தில் பெயர், முகவரி, 6 இலக்க அஞ்சல் குறியீட்டெண், கைபேசி எண் ஆகியவை போதும். "முதலில் கணக்குத் தொடங்குக" என்று கட்டாயப்படுத்துவது, கடை வாசலில் நிறுத்தி விண்ணப்பம் நிரப்பச் சொல்வதற்கு ஒப்பாகும். 2016இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையில் பணம் செலுத்த வசதி இருக்க வேண்டும். எத்தனை நாளில் சரக்கு சேரும், பிடிக்காவிடில் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், புகாருக்கு யாரை அழைப்பது என்பவை பணம் செலுத்தும் பொத்தானுக்கு அருகிலேயே தெரிய வேண்டும். மேற்கூறிய விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். காட்டிய தொலைபேசியை எடுத்துப் பேச ஆளில்லையெனில், அந்த எண்ணைக் காட்டாதிருப்பதே மேல்.

உடைப்பு எங்கே?

கிணற்றில் நீர் இறைக்கிறோம். கடைமடைக்கு நீர் எட்டவில்லை. அப்போது இன்னும் அதிகமாக இறைப்பதற்கு முன், வாய்க்காலில் உடைப்பு எங்கே என்று நடந்து பார்ப்போம் அல்லவா? தளத்தையும் அவ்வாறே மாதந்தோறும் பார்க்க வேண்டும். உதாரணமாக, 1,000 பேர் வந்து, 300 பேர் சரக்கின் பக்கத்தைப் பார்த்து, 40 பேர் கூடையில் இட்டு, 8 பேர் வாங்கினர் என்று கொள்வோம். 40 பேர் 8 ஆகக் குறைந்த இடத்தில், விலையையோ படிவத்தையோ சீர்திருத்த வேண்டும். அதன்பின் 16 பேர் வாங்கினால், விளம்பரத்துக்கு ஒரு காசும் கூட்டாமல் விற்பனை இரட்டிப்பாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் பலன் கிடைத்தது என்பது தெரியும்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. சங்கத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, "ஒரு துண்டு வாங்குங்கள்" என்று சொல்லி, அருகே பேசாமல் அமர்ந்திருங்கள். அவர் தயங்கும் இடமெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டிய இடம்.

விற்பனை நிலையத்தில் நிற்கும் நமது ஊழியர்களுக்கு, வாங்குவோர் கேட்கும் கேள்விகள் மனப்பாடம். அவர்களிடம் அவற்றைக் கேட்டெழுதி, நெய்தவரும் விளைத்தவரும் சொல்லும் உண்மையான விடையோடு நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் வைக்கலாம். தளம் அமைப்பவருக்கு அப்பட்டியலே சிறந்த வரைபடமாகும். முதல் முறை பக்கத்தை நம்பி வாங்குகிறார்கள். மறுமுறை வாங்குவது, பொட்டலத்தைப் பிரித்தபோது பக்கத்தில் சொன்னதே உள்ளே இருந்ததைக் கண்டுதான். அந்தப் பொறுப்பு தறியிலும் வயலிலும் இருக்கும் நம்முடையது.