'நேரடி விமானம்' என்றால் நிற்காமல் போகுமா? ஜோகூரிலிருந்து நியூயார்க் போவோருக்கு ஒரு விளக்கம்

பெர்மாஸ் ஜெயாவில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க்குக்கு டிக்கெட் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு எங்கும் இறங்காமல் போகும் விமானம் கிடையாது. முன்பு மலேசியா ஏர்லைன்ஸ் ஸ்டாக்ஹோம் வழியாக நெவார்க்குக்குப் பறந்தது; 2009-இல் அது நின்றுபோனது. ஆகவே உங்கள் கண் இயல்பாகவே நீரிணைக்கு அந்தப் பக்கம், சாங்கிக்குப் போகும்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பக்கம் இரண்டு விதமாகப் பறக்கிறது. ஒன்று, கிளம்பினால் நியூயார்க்கில்தான் (அல்லது பக்கத்து நெவார்க்கில்தான்) இறங்கும். இன்னொன்று, எஸ்கியூ 26. அது ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி, பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டிப் போகும். விமானத் துறையின் பேச்சில் இரண்டுமே 'டைரக்ட்' விமானம்தான்! ஒரே விமான எண் கடைசிவரை மாறாமல் இருந்தால் அது டைரக்ட். நடுவில் இறங்கினாலும் சரி. எங்கும் இறங்காததற்குப் பெயர் 'நான்-ஸ்டாப்'. தமிழில் இரண்டையும் 'நேரடி' என்றே எழுதிவிடுகிறோம். டிக்கெட் எடுக்கும்போது 'ஸ்டாப்' என்ற இடத்தில் 0 இருக்கிறதா, 1 இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு எண் உங்கள் பயணத்தில் பல மணி நேரம்.

நிற்காமல் போவது ஏன் இவ்வளவு விலை?

சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். சுமார் 18 மணி 40 நிமிடம். இவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமந்தால், அந்த எரிபொருளின் எடையைத் தூக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். 2004-இல் தொடங்கிய நெவார்க் சேவை 2013-இல் நிறுத்தப்பட்டதற்கு இந்தக் கணக்குதான் காரணம்: நான்கு இன்ஜின் ஏர்பஸ் ஏ340-500 எண்ணெயைக் குடித்துத் தீர்த்தது. 2018 அக்டோபரில் இரண்டு இன்ஜின் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தோடு சேவை திரும்பியது. அதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். ஆனால் இருக்கைகள் 161 மட்டுமே. எகானமி வகுப்பே இல்லை. அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-இல் 253 பேர் உட்காரலாம். ஆளைக் குறைத்துத் தூரத்தை வாங்கியிருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள்தானே அந்தச் செலவைக் கட்ட வேண்டும்?

சரி, எந்தக் கடலைத் தாண்டும்?

எனக்குப் பிடித்த பகுதி இது. உலக உருண்டையில் சிங்கப்பூரும் நியூயார்க்கும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. நூல் பிடித்துப் பார்த்தால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டி, சைபீரியா, சீனா மேலாகப் போகும். ஆனால் குறுகிய வழியே சீக்கிர வழி என்று சொல்ல முடியாது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற காற்று ஓடுகிறது. சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். அதனால் நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலே கிழக்கு நோக்கிப் பறக்கிறார்கள். திரும்பும்போது? பல நாள்களில் மறுபடியும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக. போய்விட்டு வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாச்சு!

அட்லாண்டிக்கின் நடுவில் தரை ரேடார் எட்டாது. ஆனால் பகலில் ஐரோப்பாவிலிருந்து மேற்காகவும், இரவில் அமெரிக்காவிலிருந்து கிழக்காகவும் நூற்றுக்கணக்கான விமானங்கள். அதனால் தினமும் அன்றைய காற்றைப் பார்த்து வானத்தில் பாதைகள் போடுகிறார்கள். மேற்கே போகும் பாதைகளை அயர்லாந்து–பிரிட்டன் பக்கத்து ஷான்விக் நிலையமும், கிழக்கே வருபவற்றைக் கனடாவின் கேண்டர் நிலையமும் வகுக்கின்றன. நேற்றைய பாதை இன்று இருக்காது. 2020 பிப்ரவரியில் ஒரு புயல் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. எதிர்த்திசையில் எட்டு மணி நேரம்கூட ஆகலாம்.

இரண்டு இன்ஜின் விமானத்துக்கு இன்னொரு நிபந்தனை: ஒரு இன்ஜின் நின்றால், அனுமதித்த நேரத்துக்குள் போய் இறங்க ஒரு விமான நிலையம் வழியில் இருக்க வேண்டும். ஷானன், ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக், கேண்டர் எல்லாம் அப்படித்தான் வரைபடத்தில் முக்கியமாகின்றன. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வானம் மூடப்பட்டபோது சின்ன ஊரான கேண்டரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கின.

காற்று ஒத்துழைத்தாலும் அரசியல் விடாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்த சில ஏர் இந்தியா விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்க வேண்டியதாயிற்று. இவ்வளவு ஏன், நம் தலைக்கு மேல் இருக்கும் தென் ஜோகூர் வான்வெளியில் விமானங்களை வழிநடத்தும் பொறுப்பே 1974 உடன்பாட்டின்படி சிங்கப்பூரிடம்தான் இருக்கிறது.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கிளம்பும் முன்

சாங்கிக்குத் தரைவழியாகப் போகிறீர்கள் என்றால் நீங்கள் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். கடப்பிதழோடு, வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டையும் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காஸ்வே நெரிசலால் விமானத்தை விட்டால் அது விமான நிறுவனத்தின் பொறுப்பாகாது. நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள் என்றால், முதல் நாளே அக்கரைக்குப் போய்விடுவது நல்லது.

செனாயிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லண்டன், பிறகு அட்லாண்டிக் என்று போவதும் நல்ல வழிதான். ஆனால் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், புது டிக்கெட்டின் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.