பூக்காத பனைக்கும் கணக்கு உண்டு

சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் ஊன்றிய பனங்கொட்டை ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை யாருக்கும் தெரியாது. அதற்கு 12 ஆண்டும் ஆகலாம், 20 ஆண்டும் ஆகலாம். நடுவில் சில வடலிகள் செங்கல் சூளைக்குப் போய்விடும். இந்த நிலையில், 'பனை எத்தனை வயதில் பாளை விடும்?' என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? பூத்தவற்றை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால், முந்திக்கொண்ட மரங்களின் வயதுதான் கிடைக்கும்.

திருமணம், முதல் குழந்தை, நோய் திரும்புவது, மரணம் என எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். கணக்கெடுக்கும் நாளில் சிலருக்கு நடந்திருக்கும், சிலருக்கு நடந்திருக்காது, சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியாது.

இதற்கு வழி சொன்னவர்கள் எட்வர்ட் கேப்லன், பால் மேயர் என்ற இரு அமெரிக்கர்கள். ஒருவர் கடலடித் தொலைபேசிக் கம்பியில் வைக்கும் வால்வுகளின் ஆயுளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் புற்றுநோயாளிகளின் ஆயுளை. தனித்தனியே எழுதியவர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை 1958இல் வந்தது. அதில் உள்ள கணக்கைப் பேனாவும் தாளும் இருந்தால் நாமே போடலாம்.

பத்து வடலிகள் என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் ஆண்டில் ஒன்று பாளை விடுகிறது. பூக்காமல் நிற்பவை பத்தில் ஒன்பது, அதாவது 0.9. 13ஆம் ஆண்டில் இரண்டை வெட்டிவிடுகிறார்கள், மிச்சம் ஏழு. 14ஆம் ஆண்டில் அந்த ஏழில் ஒன்று பூக்கிறது. ஏழில் ஆறை 0.9ஆல் பெருக்கினால் 0.77. ஆக, 14 ஆண்டு கழிந்தும் பூக்காமல் இருப்பவை 77 சதவீதம். வெட்டியவற்றை அடியோடு மறந்திருந்தால் 75 என்று வந்திருக்கும். அவை பூக்காமலே நிற்பதாக எண்ணியிருந்தால் 80. வெட்டுப்பட்ட மரம், 13 ஆண்டுவரை பூக்கவில்லை என்று சாட்சி சொல்லிவிட்டுத்தான் விலகுகிறது. அந்தச் சாட்சியை எடுத்துக்கொள்கிறோம். அதற்கு மேல் அதன் பெயரில் எதையும் இட்டுக்கட்டுவதில்லை.

நம் தேசியக் குடும்பநல ஆய்விலும் இந்த எச்சரிக்கை உண்டு. திருமண வயதின் இடைநிலை அளவைப் போடும்போது, மணமாகாத பெண்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். ஒரு வயதுப் பிரிவின் தொடக்க வயதை எட்டுமுன் பாதிப் பேருக்குக்கூட மணமாகியிருக்கவில்லை என்றால், அந்தக் கட்டத்தில் எண்ணே போடுவதில்லை. தெரியாததை வெற்றாக விடும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். படிப்பு, வருமானம் போன்றவை ஒரு நிகழ்வை எவ்வளவு தள்ளிப்போடுகின்றன என்று அளக்க, 1972இல் பிரிட்டனின் டேவிட் காக்ஸ் கொடுத்த சூத்திரம் இன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் இந்த முறைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: விலகியவர்களும் மிஞ்சியவர்களைப் போன்றவர்களாக இருக்க வேண்டும். சூளைக்காரர் சவலை வடலிகளாகப் பார்த்து வெட்டினால் கணக்கு கெட்டது.

அது கெடும் விதத்தைக் காட்டியது சென்னை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1990 முதல் 1999 வரை நகரப் பதிவேட்டில் ஏறிய நோயாளிகளை, முதலில் மாநகராட்சி இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே பெயர் இல்லை என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படி விட்டுவிடாமல் தேடி விசாரித்தபோது, அவர்களில் பலர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தது தெரிந்தது. விசாரிக்காமல் போட்டிருந்தால் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் உண்மையைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2008இல் இது வெளியானது. எவ்வளவு நல்ல சூத்திரமானாலும், வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்கும் ஊழியரின் வேலையை அது செய்யாது என்பதே என் கட்சி.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய ஒருவரைப் பற்றி மருத்துவமனையிலிருந்து கடிதமோ தொலைபேசி அழைப்போ வந்தால், தொந்தரவு என்று ஒதுக்காதீர்கள். நலமாக இருக்கிறார் என்றோ, இன்ன தேதியில் காலமானார் என்றோ ஒரு வரி பதில் சொல்லுங்கள்.